117 வெற்றி, 117 தோல்வி, இரண்டு கோப்பை: ஈலை மேனிங் வழக்கைப் புரிந்துகொள்வது எப்படி?

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் முன்னாள் குவாட்டர்பேக் ஈலை மேனிங், 2025-இல் முதன்முறையாக அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் தேர்வுக்கு வந்தார். கடைசி 15 பேரில் ஒருவராக இருந்தார். கடைசி 7 பேரில் இல்லை. 2026-லும் இடம் கிடைக்கவில்லை. லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்று, இரண்டிலும் ஆட்ட நாயகன் விருது வாங்கியவரை வெளியே நிறுத்துவது அநியாயம் என்கிறது ஒரு தரப்பு. ஆடிய காலத்தில் ஓர் ஆண்டுகூட முதல்தர ஆட்டக்காரராகக் கருதப்படாதவருக்கு மண்டபத்தில் என்ன வேலை என்கிறது இன்னொரு தரப்பு. இரு தரப்பும் காட்டும் எண்கள் சரியானவையே. ஆனால் அந்த எண்கள் எதை நிரூபிக்கின்றன, எதை நிரூபிக்கவில்லை என்பதில்தான் குழப்பம்.

## முதலில் ஆட்டம்

இங்கே பேசுவது நாம் வழக்கமாகக் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் முன்னேறும் ஆட்டம். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்தோடு கடந்தால் டச் டவுன், 6 புள்ளிகள்.

ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வந்து சேரும் கை குவாட்டர்பேக்குடையது. இரண்டு மூன்று நொடிக்குள் எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டால் அது இன்டர்செப்ஷன். கிரிக்கெட்டில் விக்கெட் போவதைவிட மோசமான இழப்பு இது: பந்தும் போகும், நின்ற இடமும் எதிரணிக்குச் சாதகமாகும்.

தாக்கும் பதினொருவர் வேறு, தடுக்கும் பதினொருவர் வேறு. எதிரணி தாக்கும்போது குவாட்டர்பேக் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். "அவர் ஜெயித்தார்", "அவர் தோற்றார்" என்று சொல்லும்போதெல்லாம் இதை மறந்துவிடக் கூடாது.

## கதவைத் திறப்பவர்கள் யார்?

மண்டபம் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில். பின்னாளில் என்எஃப்எல் (இந்த ஆட்டத்தின் முதன்மை லீக்) என்று பெயர் மாறிய சங்கம் 1920-இல் அந்த ஊரில், ஒரு கார் விற்பனை நிலையத்தில் கூடித்தான் தொடங்கப்பட்டது. மண்டபம் 1963-இல் திறக்கப்பட்டது.

ஓய்வுபெற்ற வீரர் ஐந்து பருவங்கள் காத்திருக்க வேண்டும். பிறகு 50 பேர் கொண்ட தேர்வுக் குழு முடிவு செய்கிறது. பெரும்பாலோர் விளையாட்டுச் செய்தியாளர்கள், ஒவ்வோர் அணியின் ஊருக்கும் ஒருவர் உண்டு. களத்தில் செய்ததை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது குழுவுக்கான விதி. 2016-இல் ஈலை மேனிங் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுடன் பகிர்ந்துகொண்ட வால்டர் பேட்டன் விருது சமூகப் பணிக்கானது. பெரிய கௌரவம்தான், ஆனால் இந்த வாக்கெடுப்பில் அதற்கு எடை கிடையாது. அண்ணன் பேட்டன் மேனிங் 2021-இல் மண்டபத்துக்குள் சென்றதும் அப்படியே.

## வாக்குக் கணக்கு: புதிய விதி எங்கே இறுக்குகிறது

இந்த விவாதத்தில் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் பகுதி இது.

2024 வரை 15 பேர் 10 ஆவார்கள், 10 பேர் 5 ஆவார்கள். கடைசி ஐவர் ஒவ்வொருவருக்கும் "ஆம் அல்லது இல்லை" வாக்கு. 80 சதவீதம் வேண்டும். கடைசி ஐந்துக்குள் வந்தவருக்கு அந்த வாக்கு ஏறக்குறைய சடங்குதான்.

2025 முதல் கடைசிச் சுற்றில் 7 பேர். ஒவ்வொரு வாக்காளரும் அவர்களில் 5 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 80 சதவீதம் என்ற வரம்பு அப்படியே இருக்கிறது. இதன் விளைவைக் கணக்குப் போட்டால்தான் புரியும்:

1. 50 வாக்காளர்கள், ஆளுக்கு 5 வாக்கு என்றால் மொத்தம் 250.
2. ஒருவர் உள்ளே போக 40 வாக்கு வேண்டும்.
3. ஐந்து பேரும் போக வேண்டுமானால் அந்த ஐவருக்கே குறைந்தது 200 வாக்கு சேர வேண்டும். மீதி இருவருக்கும் சேர்த்து 50-க்கு மேல் போகக் கூடாது.
4. ஏழு பேரும் ஏறத்தாழ சம மதிப்புள்ளவர்களாக இருந்து வாக்கு சமமாகப் பிரிந்தால், ஆளுக்கு 35 அல்லது 36. ஒருவருமே 40-ஐத் தொட மாட்டார்.

அதாவது, போட்டி எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு குறைவான பேர் உள்ளே போவார்கள். 2025-இல் இப்படித்தான் நடந்தது. தற்கால வீரர்கள் வரிசையில் எரிக் ஆலன், ஜாரெட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ் ஆகிய மூவர். ஓய்வுபெற்று 25 ஆண்டுகளுக்கு மேலான மூத்த வீரர்கள் வரிசையில் ஸ்டெர்லிங் ஷார்ப் ஒருவர். மொத்தம் நான்கே பேர், 2005-க்குப் பிறகு மிகச் சிறிய தொகுதி.

இதில் ஈலை மேனிங்குக்கு ஒரு தனிச் சிக்கல். புதிய முறையில், எல்லாருக்கும் ஓரளவு பிடித்தவருக்குத்தான் வசதி. பாதிப் பேர் உயிராகவும் பாதிப் பேர் வேண்டாமென்றும் நினைக்கும் வீரருக்கு 80 சதவீதம் எட்டாத உயரம்.

## எதிர்த்தரப்பின் வாதம்

16 பருவங்கள், 2004 முதல் 2019 வரை. 236 ஆட்டங்கள், அதில் 234-இல் தொடக்கம் முதல் இறங்கினார். எறிந்து எடுத்தது 57,023 யார்டு, 366 டச் டவுன், 244 இன்டர்செப்ஷன். வெற்றி 117, தோல்வி 117.

இதில் யார்டும் டச் டவுனும் அவர் ஓய்வுபெற்றபோது வரலாற்றிலேயே ஏழாவது இடம். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அவர் ஆடத் தொடங்கிய 2004-இல்தான், பந்தை வாங்க ஓடும் வீரரைத் தடுப்பாளர்கள் கையால் மறிப்பதற்கு எதிரான விதியை நடுவர்கள் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். குவாட்டர்பேக்கை அடிப்பதற்கான கட்டுப்பாடுகளும் ஆண்டுக்கு ஆண்டு கூடின. லீக் முழுவதுமே அதிகமாக எறியத் தொடங்கியது. ஆகவே மொத்த எண்ணிக்கையை வைத்து அவரை 1980-களின் வீரர்களோடு ஒப்பிட்டால் அவருக்கு அதிகமாகவே மதிப்பெண் போட்டுவிடுவோம். நியாயமான அளவுகோல், அதே காலத்தில் ஆடியவர்களுக்கு நடுவே அவர் எங்கே நின்றார் என்பதுதான்.

அதற்கு வழக்கமாக எடுக்கப்படும் அளவு, எறிதலின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லும் "பாசர் ரேட்டிங்". இதன் கணக்கைத் தெரிந்துகொள்வது பயன்படும். மேனிங் மொத்தம் எறிந்தது 8,119 முறை, அதில் தன் அணி வீரர் கையில் சேர்ந்தது 4,895.

1. சேர்ந்த எறிதல்களின் விகிதம் 0.603. இதில் 0.3 கழித்து 5-ஆல் பெருக்க: 1.51.
2. ஓர் எறிதலுக்கு 7.02 யார்டு. 3 கழித்து 4-ஆல் வகுக்க: 1.01.
3. டச் டவுன் விகிதத்தை 20-ஆல் பெருக்க: 0.90.
4. இன்டர்செப்ஷன் விகிதத்தை 25-ஆல் பெருக்கி, 2.375-இலிருந்து கழிக்க: 1.62.

நான்கையும் கூட்டி, 6-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் 84.1. ஒவ்வொரு பகுதிக்கும் உச்சவரம்பு 2.375 என்பதால் அதிகபட்சம் 158.3 வரும்.

மேனிங் ஆடிய ஆண்டுகளில் லீக்கின் சராசரி ரேட்டிங் 80-ஐ ஒட்டிய நிலையிலிருந்து 90-க்கு மேல் வரை ஏறியது. 84.1 என்பது அந்தக் காலத்தின் சராசரி, அவ்வளவுதான். நூறு எறிதலுக்கு 3 இன்டர்செப்ஷன். அவருடைய சமகால முன்னணி வீரர்களுக்கு இது இரண்டரையை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருந்தது. 2007-இல் 20, 2010-இல் 25, 2013-இல் 27 என்று மூன்று பருவங்களில் லீக்கிலேயே அதிக இன்டர்செப்ஷன் கொடுத்தவர்கள் பட்டியலின் உச்சியில் இருந்தார். ஆண்டின் சிறந்த அணியான ஆல்-புரோவில், முதல் அணியிலோ இரண்டாம் அணியிலோ ஒருமுறைகூட இடம் பெறவில்லை. பருவத்தின் நட்சத்திர வீரர்கள் ஆட்டமான புரோ பவுலுக்கு நான்கு முறை தேர்வானார்.

என் பார்வையில் எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஆல்-புரோ பட்டியலில் அவர் பெயர் இல்லாததுதான். பலவீனமான சான்று, அவர்கள் அதிகம் சொல்லும் 117-117. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் 2012 வரை 78 வெற்றி, 57 தோல்வி. 2013 முதல் 39 வெற்றி, 60 தோல்வி. இரண்டாம் பாதியில் ஜயன்ட்ஸ் ஒரு முறைதான் பிளே ஆஃபுக்குப் போனது. அவருடைய ஆட்டமும் இறங்கியது உண்மை. ஆனால் முன்வரிசைத் தடுப்பும் தற்காப்பும் சரிந்த அணியில் ஆண்டுக்கணக்காக வலியோடு தவறாமல் இறங்கியதன் விலையும் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2004 முதல் 2017 வரை தொடர்ச்சியாக 210 ஆட்டங்கள். 35 வயதில் ஓய்வு பெற்றிருந்தால் இதே வீரரின் கணக்கு கௌரவமாகத் தெரிந்திருக்கும். கூடுதலாக ஆடியதற்காக ஒருவரைக் குறைத்து மதிப்பிடும் அளவுகோலை நம்பக் கூடாது.

## ஆதரவுத் தரப்பின் வாதம்: தலைக்கவசத்தில் ஒட்டிய பந்து

2008 பிப்ரவரி 3, அரிசோனாவின் கிளென்டேல். 2007 பருவத்தின் சூப்பர் பவுல். எதிரே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அந்தப் பருவத்தில் 18 ஆட்டம் ஆடி 18-இலும் வென்ற அணி. வழக்கமான 16 ஆட்டங்களில் மட்டும் 589 புள்ளி எடுத்து அன்றைய சாதனையைப் படைத்திருந்தது. 2 நிமிடம் 39 நொடி மிச்சம். ஜயன்ட்ஸ் 10-14 என்று பின்தங்கி, தன் சொந்த 17 யார்டு கோட்டில் நிற்கிறது.

1 நிமிடம் 15 நொடி இருக்கும்போது மூன்றாவது முயற்சி, 5 யார்டு தேவை. பந்து மேனிங் கைக்கு வந்ததும் தடுப்பு உடைகிறது. இரண்டு பேர் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். நடுவர் ஊதிவிடுவார் என்று எல்லாரும் நினைத்த நொடியில் அவர் உருவிக்கொண்டு பின்னால் ஓடி, திரும்பி, நடுக்களத்தில் உயரமாக எறிகிறார். ஜயன்ட்ஸின் டேவிட் டைரீ எகிறிப் பிடிக்கிறார். பின்னாலிருந்து ராட்னி ஹாரிசன் கையைத் தட்டிவிட, பந்தைத் தலைக்கவசத்தோடு அழுத்தியபடியே தரையில் விழுகிறார். 32 யார்டு. மூன்று முயற்சிகளுக்குப் பிறகு பிளாக்சிகோ பர்ரஸுக்கு 13 யார்டு டச் டவுன். 35 நொடி மிச்சம். 17-14.

அந்தக் காட்சி மறக்க முடியாதது. ஆனால் அதை முதன்மைச் சான்றாக வைத்தால் வாதம் பலவீனமாகும். அதற்கு முந்தைய முயற்சியில் மேனிங் எறிந்த பந்து பேட்ரியட்ஸின் அசான்டே சாமுவேல் கைவிரல்களில் பட்டு நழுவியது. அதை அவர் பிடித்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். ஆட்ட நாயகன் விருதும் இல்லை. தவிர, 589 புள்ளி எடுத்த அணியை 14-இல் நிறுத்தி, அதன் குவாட்டர்பேக் டாம் பிராடியை ஐந்து முறை கையில் பந்தோடு வீழ்த்தியது ஜயன்ட்ஸ் தற்காப்பு. அன்றைய வெற்றியில் பெரும் பங்கு அவர்களுடையது.

## உண்மையான சான்று 2011

மேனிங்கை ஆதரிப்பவர்கள் அந்த 2008 இறுதியாட்டத்தைக் காட்டுவதற்குப் பதில் 2011 பருவத்தைக் காட்ட வேண்டும். அந்த ஆண்டு ஜயன்ட்ஸ் ஓடி முன்னேறிய யார்டுகளில் லீக்கிலேயே கடைசி. தற்காப்பும் மோசம். பருவம் முழுவதும் எடுத்த புள்ளி 394, கொடுத்தது 400. எடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டு அதே ஆண்டில் சூப்பர் பவுல் வென்ற முதல் அணி அதுதான்.

அந்த அணியை இழுத்துச் சென்றது மேனிங்கின் கை. 4,933 யார்டு. நான்காவது கால் பகுதியில் மட்டும் 15 டச் டவுன் எறிதல், அது லீக் சாதனை. பிளே ஆஃபில் 9 டச் டவுன், ஒரே ஒரு இன்டர்செப்ஷன், 1,219 யார்டு.

சான் ஃபிரான்சிஸ்கோவில் மழையில் நடந்த அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். லீக்கின் மிகச் சிறந்த தற்காப்புகளில் ஒன்று எதிரே. மேனிங் 58 முறை எறிந்தார், 32 சேர்ந்தது, ஆறு முறை வீழ்த்தப்பட்டார், இன்டர்செப்ஷன் ஒன்றுகூட இல்லை. கூடுதல் நேரத்தில் 20-17. எதிரணி உதைபந்தைத் திருப்பும்போது இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தது பெரிதும் உதவியது. ஆனாலும் ஆட்டத்தை அந்தத் தூரம் வரை கொண்டுவந்தது அடி வாங்கிக்கொண்டே நின்ற குவாட்டர்பேக்தான்.

மறுபடி பேட்ரியட்ஸோடு மோதிய இறுதியாட்டத்தில் முதல் ஒன்பது எறிதல்களும் சேர்ந்தன. 3 நிமிடம் 46 நொடி இருக்கையில், 15-17 என்று பின்தங்கி, சொந்த 12 யார்டு கோட்டிலிருந்து தொடங்கிய முதல் எறிதல்: இடது ஓரக் கோட்டை ஒட்டி ஓடிய மேரியோ மேனிங்ஹாமுக்கு, இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே, 38 யார்டு. பந்து விழ வேண்டிய இடம் ஒரு கூடை அகலம்கூட இல்லை. இங்கே யார் விரலிலும் பட்டு நழுவவில்லை. ஆட்டம் 21-17 என்று முடிந்தது.

## "பெரிய ஆட்டத்தில் பெரிய வீரர்" என்பது சரியா?

பொத்தாம்பொதுவாகச் சொன்னால் சரியில்லை. பிளே ஆஃப் கணக்கு 8 வெற்றி, 4 தோல்வி. அந்த எட்டும் இரண்டே ஆண்டுகளில் வந்தவை.

- 2007, 2011 பருவங்கள்: 8 வெற்றி, தோல்வி இல்லை, 15 டச் டவுன், 2 இன்டர்செப்ஷன்.
- 2005, 2006, 2008, 2016 பருவங்கள்: நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே வெளியே, 3 டச் டவுன், 7 இன்டர்செப்ஷன்.

இரண்டு பருவங்களில் மிக உயரத்துக்குப் போனவர், மற்ற பருவங்களில் சராசரி. ஹால் ஆஃப் ஃபேம் உயரத்துக்கு மதிப்புத் தரும் மண்டபமா, நீளத்துக்கா? குழுவின் விதி இதற்குப் பதில் சொல்வதில்லை; ஒவ்வொரு வாக்காளரும் தன் பதிலோடுதான் வருகிறார். 50 பேருக்குள் நடக்கும் உண்மையான சண்டை இதுதான்.

## முன்னுதாரணங்கள் எந்தப் பக்கம்?

இரு பக்கமும் உண்டு.

ஜிம் பிளங்கெட். ரெய்டர்ஸ் அணிக்காக இரண்டு சூப்பர் பவுல், ஒன்றில் ஆட்ட நாயகன். வெற்றி 72, தோல்வி 72. 164 டச் டவுன், 198 இன்டர்செப்ஷன். மண்டபத்துக்கு வெளியே. மேனிங்குக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இவர்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் பத்துப் பருவங்களுக்கு மேலாக ஒரே அணியின் அசையாத முதல் தேர்வாக மேனிங் இருந்ததுபோல் பிளங்கெட் இருந்ததில்லை.

ஜோ நேமத். 173 டச் டவுன், 220 இன்டர்செப்ஷன். 1985-இல் உள்ளே. ஒரே ஒரு இறுதியாட்டம், ஆனால் அது என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஒரு லீக்கின் தகுதியையே நிறுவிய ஆட்டம். வரலாற்றில் ஒரு நாள் போதும் என்பதற்கு இவரே சான்று.

ஒன்றுக்கு மேற்பட்ட முறை சூப்பர் பவுல் ஆட்ட நாயகன் ஆனவர்கள். பார்ட் ஸ்டார், டெர்ரி பிராட்ஷா, ஜோ மான்டானா மண்டபத்தில் இருக்கிறார்கள். டாம் பிராடிக்கு முறை வரவில்லை, பாட்ரிக் மஹோம்ஸ் இன்னும் ஆடுகிறார். இருவரைப் பற்றியும் விவாதமே இல்லை. மிச்சம் மேனிங்.

அணிகள் புதிய வீரர்களை வரிசையாக எடுக்கும் 2004 தேர்வில் கூடவே வந்தவர்களைப் பார்த்தால் வழக்கு இன்னும் கடினமாகும். அன்று சான் டியாகோ மேனிங்கை முதல் தேர்வாக எடுத்து, நான்காவதாக ஜயன்ட்ஸ் எடுத்த பிலிப் ரிவர்ஸுக்கு மாற்றிக்கொண்டது. ரிவர்ஸ் 2020 வரை 421 டச் டவுன், 209 இன்டர்செப்ஷன், எட்டு புரோ பவுல். சூப்பர் பவுல் ஒன்றுகூட ஆடவில்லை. பதினோராவதாகப் போன பென் ராத்லிஸ்பெர்கருக்கு 64,088 யார்டு, 418 டச் டவுன், 165 வெற்றி, இரண்டு சூப்பர் பவுல். அதே ஆண்டு வந்த மூவரில், எண்களில் மேனிங் மூன்றாவது. இதை ஆதரவாளர்கள் நேராக ஒப்புக்கொள்ள வேண்டும்.

## என் கணிப்பு

மேனிங் உள்ளே போக வேண்டியவர். 2011 பருவம் ஒரு குவாட்டர்பேக் தனி ஆளாக ஓர் அணியை எவ்வளவு தூரம் தூக்கிச் செல்ல முடியும் என்பதற்கான அளவுகோல். 2007-இன் பிளே ஆஃபோடு சேர்த்தால், பிராடியின் அணியை இறுதியாட்டத்தில் இருமுறை நிறுத்திய ஒரே குவாட்டர்பேக் இவர். ஆனால் முதல் வாய்ப்பிலேயே எடுக்காதது அநியாயம் அல்ல. அவர் சராசரியாக ஆடிய பருவங்கள், சிறப்பாக ஆடிய பருவங்களைவிட அதிகம்.

2026-இல் குவாட்டர்பேக் டிரூ பிரீஸ் முதல் வாய்ப்பிலேயே உள்ளே போனார். குவாட்டர்பேக் வரிசையில் அடுத்து ராத்லிஸ்பெர்கர், 2027-இல் தகுதி பெறுகிறார். மேனிங்கும் அவரும் ஒரே பட்டியலில் இருந்தால் ஐந்து பெயர் எழுத வேண்டிய வாக்காளர் எந்தக் குவாட்டர்பேக்கை முதலில் எழுதுவார் என்பது தெளிவு. 2028-இல் பிராடி. ரிவர்ஸோ 2025 டிசம்பரில் 44 வயதில் இந்தியானாபோலிஸ் அணிக்காக மறுபடி களமிறங்கியதால், அவருடைய ஐந்து பருவக் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கிவிட்டது. நேரடிப் போட்டியாளர் ஒருவர் வரிசையிலிருந்து விலகினார். பிராடியின் ஆண்டு கழிந்த பிறகு, 2029 வாக்கில்தான் மேனிங்குக்கு நெரிசல் குறைந்த பட்டியல் அமையும். தற்கால வீரர்கள் வரிசையில் அவர் பெயர் ஓய்வுபெற்று 25 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்பதால், அவசரப்பட வேண்டியவர்கள் அவரை விரும்பும் ரசிகர்கள் மட்டுமே.